86 சதவீதம் முடிந்தது, ஓர் எடைச்சீட்டுகூட மாறவில்லை: டெல்டா நெல் நிறுவனம் ஒன்றின் கிளவுட் மாற்றக் கணக்கு

தஞ்சாவூரில் தலைமை அலுவலகம். கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூரில் அரவை ஆலையும் கிடங்கும். மயிலாடுதுறையில் உரக் கிடங்கு. விவசாயிகளிடம் நெல் வாங்கி அரைத்து அரிசியாக அனுப்புவது, நடவுக் காலத்தில் உரமும் விதையும் விற்பது என்று டெல்டாவின் நடுத்தர நிறுவனங்கள் பலவற்றுக்கும் இருக்கிற அமைப்புதான். இந்த ஆய்வில் வரும் நிறுவனம் அந்த அமைப்பை வைத்துக் கட்டிய ஒரு மாதிரி. சர்வர் எண்ணிக்கை, டெராபைட், வாரக் கணக்கு எல்லாம் கணக்குப் போட்டுக் காட்ட வைத்தவை. கருவிகளின் நடத்தை, வரம்பு, சட்டக் கெடு ஆகியவை உள்ளபடியே.

ஐந்தாம் வார நிலவர அறிக்கையில் ஒரே எண் இருந்தது: 86 சதவீதம். மாற்றமில்லாமல் அப்படியே தூக்கி வைக்கவேண்டிய 14 சர்வர்களில் 12-க்கு முதல் நகல் முடிந்து, கருவியின் திரையில் பச்சை விழுந்திருந்தது. 12-ஐ 14-ஆல் வகுத்தால் 86. வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அந்தத் தேதியில் கிளவுடில் ஓர் எடைச்சீட்டுகூடப் பதிவாகியிருக்கவில்லை, ஓர் உர பில்கூடப் போட்டிருக்கவில்லை. பழைய டிஸ்க்கில் இருப்பது இன்னோர் இடத்திலும் இருக்கிறது என்பதற்கு மட்டுமே நகல் சாட்சி. நிர்வாகம் 86-ஐக் கேட்டதும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது: “அப்ப சர்வர் ரூமுக்கான ஜெனரேட்டர் ஒப்பந்தத்தை இந்த வருஷம் புதுப்பிக்க வேண்டாம்தானே?” தவறான எண்ணின் விலை இந்த மாதிரி இடத்தில்தான் தெரியும்.

ஏன் மாற்றுகிறார்கள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, டெல்டாவில் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் ஆனது. மாடியில் ஓர் ஏசி அறையில் சர்வரை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அதற்கு மேல் காரணம் சொல்லத் தேவையில்லை. மென்பொருள் பக்கத்திலும் கெடு தாண்டிவிட்டது. எஸ்க்யூஎல் சர்வர் 2008 ஆர்2 என்ற டேட்டாபேஸ் மென்பொருளுக்கான ஆதரவு 2019 ஜூலை 9-ல் நின்றது. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு 2023 அக்டோபர் 10. லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30. மூன்றுமே இந்த அறையில் ஓடுகின்றன.

போகும் இடம் அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் மும்பை ரீஜன், அதாவது அங்குள்ள டேட்டா சென்டர் தொகுதி. பேக்கப்பின் இரண்டாம் பிரதி 2022-ல் திறந்த ஹைதராபாத் ரீஜனில்.

பட்டியலில் இல்லாத மூன்று

சொத்துப் பதிவேட்டில் 24 சர்வர். ஃபயர்வால், ஸ்விட்ச் பதிவுகளை ஒரு முழு மாதம் சேர்த்துப் பார்த்தால் 27. ஒரு வாரம் பார்த்தால் போதாது: ஊதியம் மாதக் கடைசியில் ஓடும், ஜிஎஸ்டி தாக்கல்களில் ஜிஎஸ்டிஆர்-1 11-ம் தேதியை ஒட்டி, 3பி 20-ம் தேதியை ஒட்டி. அந்த வேலைகளுக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் இணைப்புகள் மற்ற நாளில் கண்ணில் படாது. கூடுதலாக வந்த மூன்றில் ஒன்று மன்னார்குடி ஆலையில் மேசைக்கு அடியில் இருந்த பழைய டவர் கணினி. நெல் எடை போட்டதும் விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்புவது அதுதான். இரண்டாவது, யூஎஸ்பி டாங்கிள் செருகிய கணினி; எடைமேடை மென்பொருளின் லைசென்ஸ் அந்த டாங்கிளில் இருக்கிறது, அதைக் கிளவுடில் செருக வழியில்லை. மூன்றாவது, யாரும் பயன்படுத்தாமல் நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு சோதனைச் சர்வர்.

27-க்கும் முடிவு எழுதியாயிற்று. அப்படியே தூக்கி வைப்பது 14. டேட்டாபேஸ் சேவைக்கு மாற்றுவது 3. மூடிவிடுவது 5. இங்கேயே வைத்துக்கொள்வது 3. சந்தாவாக வாங்கிக்கொள்வது 2: மின்னஞ்சலும் வருகைப்பதிவும். மூட முடிவான அந்த 5-ஐப் பலரும் முன்னேற்றக் கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தே ஆகவேண்டும். மின்சாரமும் ஆபத்தும் குறைவது அவை நிற்கும்போதுதான், அதுவும் முதலில் கிடைக்கக்கூடிய ஆதாயம்.

எதை எண்ணுவது

கொள்முதல் என்ற ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். அதற்கு டேட்டாபேஸ் சர்வர் ஒன்று, அப்ளிகேஷன் சர்வர் ஒன்று, அறிக்கை சர்வர் ஒன்று, பாஸ்புக் நகல்களை வைத்திருக்கும் கோப்பு சர்வர் ஒன்று. நான்கில் மூன்று கிளவுடுக்குப் போய்விட்டால் கொள்முதல் 75 சதவீதம் மாறியதா? இல்லை, பூஜ்யம்தான். சொல்லப்போனால் பூஜ்யத்தைவிட மோசம்; மூன்று அங்கே, ஒன்று இங்கே என்று ஒவ்வொரு சேமிப்பும் விபிஎன் (இரண்டு இடத்தையும் இணைக்கும் தனி இணைப்பு) வழியாகப் போய்வரும். ஆகவே எண்ணும் அலகு அப்ளிகேஷன். இந்த நிறுவனத்தில் அப்படி 11.

ஏடபிள்யூஎஸ் மைக்ரேஷன் ஹப் இந்த யோசனையில் வந்த கருவிதான்: சர்வர்களை அப்ளிகேஷனாகக் கட்டிவைத்து, சர்வரை நகலெடுக்கும் எம்ஜிஎன் என்கிற அப்ளிகேஷன் மைக்ரேஷன் சர்வீஸிலிருந்தும் டேட்டாபேஸை மாற்றும் டிஎம்எஸ்ஸிலிருந்தும் நிலவரத்தை ஒரே திரைக்கு இழுத்துக் காட்டும். 2025 நவம்பர் 7-க்குப் பிறகு புது வாடிக்கையாளர்களுக்கு அது கிடையாது. ஏடபிள்யூஎஸ் டிரான்ஸ்ஃபார்ம் பக்கம் கைகாட்டுகிறார்கள். எந்தக் கருவியானாலும் ஒரு வரம்பு மாறாது. தான் செய்த வேலை மட்டுமே அதற்குத் தெரியும். டாங்கிள் கணினி அதற்குத் தெரியாது. வங்கி இன்னும் புது ஐபி முகவரியை அனுமதிக்கவில்லை என்பதும் தெரியாது. எனவே கருவியின் நிலையைத் தினமும் தானாக ஓர் எக்செல் ஷீட்டுக்கு இழுத்துக்கொண்டு, தீர்ப்பை மனிதர் எழுதும் முறை இங்கே வைக்கப்பட்டது. எம்ஜிஎன் சர்வர் பட்டியலைக் கட்டளை வழியாக எடுக்கலாம். ஒவ்வொரு சர்வருக்கும் அப்ளிகேஷன் பெயரும் எத்தனையாவது கட்டத்தில் மாறும் என்ற எண்ணும் டேக் ஆக ஒட்டியிருந்தால் போதும், ஷீட்டில் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஏழு நிலை. ஒவ்வொன்றிலும் அடுத்ததுக்குப் போக ஒரு சான்று வேண்டும், வாய்வார்த்தை செல்லாது.

பட்டியலில்: சர்வர்கள், யார் யாரோடு பேசுகின்றன, பொறுப்பாளர் பெயர் நிரப்பியாயிற்று.
முடிவானது: போகுமா, நிற்குமா, மூடுமா என்பதில் அந்தத் துறையின் மேலாளர் கையெழுத்து. ஐடி ஆளின் கையெழுத்து இங்கே போதாது.
நகலில்: முதல் நகல் முடிந்து, பின்னடைவு (அசலுக்கு நகல் எவ்வளவு நேரம் பிந்தியிருக்கிறது என்பது) தொடர்ந்து 48 மணி நேரம் பத்து நிமிடத்துக்குள் நின்றிருக்கவேண்டும்.
சோதித்தது: கிளவுடில் ஒரு சோதனைச் சர்வர் எழுப்பி, துறை ஆளே உட்கார்ந்து நேற்றைய வேலையை மறுபடி போட்டுப் பார்த்து, மொத்தங்கள் ஒத்துப்போன தாள்.
தேதி குறித்தது: மாற்றும் இரவு, திரும்பும் எல்லை (பழையதுக்கே திரும்ப முடிவெடுக்கவேண்டிய கடைசி மணி), தொலைபேசியில் இருக்கவேண்டியவர்கள், வெளி அனுமதிகள் எல்லாம் முடிந்தன.
மாறியது: அசல் வேலை கிளவுடில் நடக்கிறது, பழையதில் எழுத முடியாதபடி பூட்டியாயிற்று.
அணைந்தது: பழைய சர்வர் மின்சாரத்திலிருந்தே கழற்றியாயிற்று.

ஷீட்டில் நிலையைத் திருத்தக்கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது வரி. அழித்து எழுதினால் ஓர் அப்ளிகேஷன் ‘சோதித்தது’ வரை போய் மறுபடி ‘நகலில்’ என்று பின்வாங்கிய சங்கதி மறைந்துவிடும். பின்வாங்கல்தான் மிகப் பயனுள்ள செய்தி. ஒரே நிலையில் 14 நாளுக்கு மேல் நின்றால் சிவப்பு. ‘கிட்டத்தட்ட முடிந்தது’ என்று யாராவது சொன்னால் பழைய நிலையே எழுதப்படும்.

மேலிடம் ஒரே எண் கேட்கும், கேட்கத்தான் செய்யும். அதற்கு இரண்டு எண் கொடுப்பது நல்லது: 11 அப்ளிகேஷனில் மாறியது எத்தனை, 27 சர்வரில் பழைய இடத்தில் இன்னும் மின்சாரம் குடிப்பது எத்தனை. ஐந்தாம் வாரத்தில் அந்த எண்கள் 0-வும் 26-ம். நான்கு வருடச் சோதனைச் சர்வரை மட்டும் அதற்குள் நிறுத்தியிருந்தார்கள். 86-க்குப் பதில் இந்த இரண்டும் போயிருந்தால் ஜெனரேட்டர் கேள்வியே வந்திருக்காது.

நகல் ஏன் பின்தங்குகிறது

14 சர்வரின் டிஸ்க் மொத்தம் 3.6 டெராபைட். லீஸ்டு லைன் 100 எம்பிபிஎஸ். தாளில் 80 மணி நேரம். ஆனால் பகலில் கிளைகளின் வேலையும் அதே லைனில்தான். ஃபயர்வாலில் பகல் 12 மணி நேரத்துக்கு 30, இரவு 12 மணி நேரத்துக்கு 80 என்று வரம்பு வைத்தால் சராசரி 55 எம்பிபிஎஸ். சுமார் 145 மணி நேரம், ஆறு நாள். இது ஒரு பைட்கூடப் புதிதாக எழுதப்படாவிட்டால். எழுதப்படும் வேகத்தைக் கிடைக்கும் வேகத்திலிருந்து கழித்துத்தான் மீதியால் வகுக்கவேண்டும். எழுதும் வேகம் கூடிவிட்டால் நகல் எப்போதும் எட்டிப் பிடிக்காது.

இங்கே நடந்தது அதுதான். அந்த 14-ல் இருக்கிற டேட்டாபேஸ் சர்வர் ஒன்றின் பின்னடைவு பகல் முழுக்கச் சில விநாடியில் இருக்கும். இரவு 1 மணிக்கு ஏறத் தொடங்கி விடிகாலையில் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். லைன் நன்றாக இருக்கிறது, சர்வீஸ் ஆட்கள் இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனார்கள். காரணம் நள்ளிரவு 1 மணி முழு பேக்கப். 120 ஜிபி கோப்பு அதே டி டிரைவில் எழுதப்படுகிறது. எம்ஜிஎன் கோப்பைப் பார்ப்பதில்லை, பிளாக் எனும் டிஸ்க் துண்டைப் பார்க்கிறது. அதற்கு பேக்கப் கோப்பும் எடைச்சீட்டும் ஒன்றுதான். 120 ஜிபியை 80 எம்பிபிஎஸ்ஸில் அனுப்ப 3 மணி 20 நிமிடம். பேக்கப்பைத் தனி டிஸ்க்குக்கு மாற்றி, அந்த டிஸ்க்கை நகலில் சேர்க்காமல் விட்டால் தீர்ந்தது. ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் பற்றிக் கவலை வேண்டாம், அது படிக்கும், எழுதாது. டிஃப்ராக்மென்ட் அட்டவணை இருந்தால் நிறுத்திவிடவேண்டும், அது டிஸ்க்கை மாற்றி எழுதும்.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. யுபிஎஸ் பேட்டரி சாய்ந்து சர்வர் சட்டென்று விழுந்து எழுந்தால், எம்ஜிஎன் டிஸ்க்கை மறுபடி முதலிலிருந்து ஒப்பிடத் தொடங்கலாம். ரீஸ்கேன் என்று காட்டும். பெரிய டிஸ்க்கில் அது பல மணி நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் இது அடிக்கடி வரும் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போடவேண்டும். மாற்றும் இரவு அன்று ரீஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. விவாதமே வேண்டாம்.

சென்ட்ஓஎஸ் 7 சர்வர்களில் எம்ஜிஎன்னின் ஏஜென்ட் (தரவை நகலுக்கு அனுப்பும் சிறு நிரல்) நிறுவ, ஓடுகிற கெர்னலுக்குச் சரியாகப் பொருந்தும் கெர்னல்-டெவல் பேக்கேஜ் வேண்டும். அதை இறக்கித் தந்த பழைய மிரர் தளங்கள் 2024-க்குப் பிறகு பதில் சொல்வதில்லை. பேக்கேஜ் இறக்கும் யம் கருவியை, பழையவற்றைச் சேமித்துவைத்திருக்கும் வால்ட் முகவரிக்குத் திருப்பினால்தான் இறங்கும். போர்ட் 443, 1500 இரண்டும் வெளியே திறந்திருக்கவேண்டும். 1500-ஐ விட்டுவிட்டால் ஏஜென்ட் பதிவாகும், தரவு மட்டும் போகாது. ஷீட்டுக்கு வரும் கருவியின் நிலை ‘தொடங்கியது’ என்றே ஒரு வாரம் நிற்கும்.

ஷீட்டில் ஏஜென்ட் நிறுவிய தேதிக்கு ஒரு நெடுவரிசை கட்டாயம். ஒவ்வொரு சர்வருக்கும் எம்ஜிஎன் 2,160 மணி நேரம், அதாவது 90 நாள் இலவசம். அதற்குப் பின் மணிக்கணக்கில் கட்டணம். இடையில் ஓடும் நகல் சர்வருக்கும் டிஸ்க்குக்கும் முதல் நாளிலிருந்தே பணம். உற்சாகத்தில் பிப்ரவரி 15-ல் எல்லாவற்றிலும் ஏஜென்ட் போட்டால் மே 16-ல் இலவசம் முடியும். மே கடைசியில் மாற வேண்டியதற்கு ஏப்ரலில் போட்டால் போதும்.

காவிரிக் கணக்கு

மாற்றுவதற்கான இரவு காலண்டரில் எங்கே இருக்கிறது என்று தேடினால் டெல்டாவில் இடம் குறைவு. ஜனவரி முதல் மார்ச் வரை சம்பா, தாளடி அறுவடை. எடைமேடை இரவிலும் நிற்காது. மார்ச் கடைசி ஆண்டுக் கணக்கு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும்; அதை ஒட்டிக் குறுவைக்கான விதை, உர விற்பனை. பின் சம்பா உரம். செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடை. அதன்மேல் மழை. மிஞ்சுவது ஏப்ரல் 20-க்குப் பிறகு ஜூன் முதல் வாரம் வரை, ஆறு ஏழு சனிக்கிழமை.

அந்த ஆறு வாரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன் ஆறு, வாய்க்கால் தூர்வாரும் வேலை நடப்பது இதே மாதங்களில். கரையோரம் புதைத்த ஃபைபரை ஜேசிபி வாளி அறுத்துவிடும். எனவே ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு வேறு நிறுவன லைன், இரண்டும் வேறு பாதையில் வருகின்றனவா என்று நேரில் பார்த்து உறுதிசெய்தபின்தான் அந்தக் கிளை ‘தேதி குறித்தது’ நிலைக்கு வரும். இரண்டு நிறுவனமும் ஒரே கம்பத்தில் தொங்கினால் அது ஒரு லைன்தான். மூன்றாவதாக ஒரு 4ஜி ரவுட்டர். எடைச்சீட்டுக்கு அது போதும்.

கட்டங்களும் இதை வைத்தே. ஏப்ரல் கடைசியில் கோப்புப் பகிர்வும் அறிக்கைகளும். மே நடுவில் உர பில்லிங், கணக்கு. மே கடைசியில் கொள்முதலும் விவசாயி பட்டுவாடாவும். எளியதை முதலில் வைப்பது கற்றுக்கொள்ள. ஆனால் கொள்முதலின் வெளி அனுமதிகள் மார்ச்சிலேயே தொடங்கவேண்டும். இ-வே பில், இ-இன்வாய்ஸ் ஏபிஐ இணைப்புக்குப் பதிவுசெய்த ஐபி முகவரியிலிருந்துதான் பேச முடியும். வங்கியின் பட்டுவாடா இணைப்பும் அப்படியே. கிளவுடுக்குப் போனால் வெளியே தெரியும் முகவரி மாறும். கிளவுடிலிருந்து வெளியே போகும் வாசலான என்ஏடி கேட்வேக்கு நிலையான முகவரி ஒன்றை முன்பே ஒதுக்கி, அதைப் பழையதோடு சேர்த்துப் பதிவு செய்துவிட வேண்டும், பழையதை நீக்காமல். இந்த ஒரு வரி தவறினால் சர்வர் எல்லாம் பச்சையாக இருக்கும், லாரி மட்டும் இ-வே பில் இல்லாமல் வாசலில் நிற்கும்.

கொள்முதல் மாறிய சனிக்கிழமை

ஒத்திகையிலேயே முதல் சிக்கல் தெரிந்தது. எடைமேடைக் கணினியின் மென்பொருள் ஒரு சீட்டைச் சேமிக்க டேட்டாபேஸிடம் நானூறு முறை கேள்வி கேட்கிறது. லோக்கல் நெட்வொர்க்கில் ஒரு கேள்விக்கு ஒரு மில்லிவிநாடிகூட ஆகாது. மும்பைக்குப் போய்வர 30 என்று வைத்தால் 400 × 30, பன்னிரண்டு விநாடி. வரிசையில் டிராக்டர் நிற்கும்போது ஒரு சீட்டுக்குப் பன்னிரண்டு விநாடி யாரும் பொறுக்கமாட்டார்கள். எழுதிய வெண்டர் கேள்விகளை டேட்டாபேஸுக்குள்ளேயே ஓடும் ஒரே புரொசீஜராகச் சுருக்கித் தந்தார்; சேமிப்பு ஒரு விநாடிக்குள் வந்தது. தராத வெண்டர் என்றால் திரையை மட்டும் கிளைக்கு அனுப்பும் ரிமோட் ஆப் முறைதான் வழி. எடைமேடைக் கணினியும் டாங்கிளும் எப்படியும் இங்கேயே இருக்கும். லைன் விழுந்தால் சீட்டை உள்ளே சேர்த்துவைத்துப் பின்னர் அனுப்பும் வசதி அதில் இருக்கிறதா என்பதும் சோதனைத் தாளில் ஒரு வரி.

இரண்டு நாள் முன்னதாக டிஎன்எஸ் டிடிஎல், அதாவது ஒரு பெயருக்கான ஐபி முகவரியைக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரம், 3,600 விநாடியிலிருந்து 300-க்கு. கிளைக் கணினிகளை டேட்டாபேஸோடு இணைக்கும் ஓடிபிசி அமைப்பில் பெயருக்குப் பதில் ஐபி முகவரி எழுதியிருப்பவை எத்தனை என்று ஸ்கிரிப்ட் போட்டுத் தேடியதில், மூன்று ஆலையிலும் அப்படித்தான். யாரோ ஒரு நாள் அவசரத்துக்கு மாற்றியது அப்படியே நின்றுவிட்டது.

இரவு 8 மணிக்கு எடை நிறுத்தம். 8.15-க்குப் பழைய டேட்டாபேஸ் படிக்க மட்டும். முழு பேக்கப் முந்தைய நாளே கிளவுடில் ஏறியிருந்ததால் அதற்குப் பின் நடந்த மாற்றங்களைக் கொண்ட கடைசி லாக் பேக்கப் மட்டும் போனது. 2008 ஆர்2 பேக்கப் எஸ்க்யூஎல் சர்வர் 2019-ல் நேராக ரீஸ்டோர் ஆகும். 9.40-க்கு எண்ணும் வேலை தொடங்கியது. சீட்டு எண்ணிக்கை சரி. கிலோ சரி. ரூபாய் சரி. விவசாயி வாரியான பட்டுவாடா அறிக்கையில் மட்டும் ஆறு வரி குறைவு. மொத்தத் தொகையோ அச்சு அசலாக ஒன்று.

இந்த ஆறு வரியைக் கிட்டே போய்ப் பார்ப்பது தகும், ஏனென்றால் பழைய தமிழ்த் தரவு வைத்திருக்கும் எவருக்கும் வரக்கூடியது. பெயர்கள் பாமினி எழுத்துருவில் சேமிக்கப்பட்டவை. பாமினியில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஆங்கில விசையின் இடத்தில் உட்கார்ந்திருக்கும்: சிறிய கே என்றால் ம, பெரிய கே என்றால் மு, சிறிய எஃப் க, பெரிய எஃப் கு. பழைய சர்வரை நிறுவியவர் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கும் கோலேஷனில் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) நிறுவியிருந்தார், தெரிந்தோ தெரியாமலோ. ரீஸ்டோர் செய்த டேட்டாபேஸ் தன் கோலேஷனைத் தன்னோடு கொண்டுவரும். ஆனால் தற்காலிக டேபிள்கள் இருக்கும் டெம்ப்-டிபி புதுச் சர்வருடையது. அது இயல்பான, வேறுபாடு பார்க்காத கோலேஷன். அறிக்கை தற்காலிக டேபிளில் பெயர் வாரியாகக் கூட்டுகிறது. அங்கே முத்தையனும் மத்தையனும் ஒரே ஆள். ஒருவரின் பணம் இன்னொருவர் வரியில் சேர்ந்துவிட்டது, அதனால்தான் மொத்தம் மாறவில்லை.

சோதனையில் இது ஏன் தப்பியது? சோதனைச் சர்வரைப் பழைய கோலேஷனில் எழுப்பியிருந்தார்கள், அசல் வேலைக்கான ஆர்டிஎஸ் (ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவை) இன்ஸ்டன்ஸை வேறொருவர் இயல்பு அமைப்பில் உருவாக்கியிருந்தார். ஆர்டிஎஸ்ஸில் சர்வர் கோலேஷனை உருவாக்கும்போது மட்டுமே தேர்ந்தெடுக்க முடியும். நேர மண்டலமும் அப்படியே: இந்திய நேரத்தை அப்போதே தேர்ந்தெடுக்காவிட்டால் ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் யுடிசி. காலை 4.45-க்குப் போட்ட சீட்டு முந்தைய நாள் 23.15 என்று விழும். இரண்டு நாளின் மொத்தமும் கெடும். இரவு 10.30-க்குப் புது இன்ஸ்டன்ஸ் சரியான கோலேஷன், சரியான நேர மண்டலத்தோடு எழுப்பி, மறுபடி ரீஸ்டோர். திரும்பும் எல்லை 3 மணி என்று எழுதிவைத்திருந்ததால் நேரம் இருந்தது. 1.20-க்கு ஆறு வரியும் வந்தன.

திரும்பும் எல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். புது இடத்தில் முதல் அசல் சீட்டு விழும்வரைதான் திரும்புவது எளிது. அதற்குப் பின் பழையதுக்குப் போனால் இடையில் போட்ட சீட்டுகளைக் கையால் ஏற்றவேண்டும். நகல் ஒரு வழிப் பாதை. அதனால் மணி 3 என்பது சும்மா வைத்த எண் அல்ல: பழையதைத் திறந்துவிட ஒரு மணி நேரம், ஞாயிறு காலை 5 மணிக்கு முதல் டிராக்டர்.

கோலேஷனும் நேர மண்டலமும் இப்போது ‘தேதி குறித்தது’ நிலையின் சான்றில் அசல் வேலைக்கான இன்ஸ்டன்ஸிலிருந்து எடுத்த அச்சாக இருக்கின்றன. அடுத்த வாரம் பட்டுவாடாவுக்கு அதே தாள் உதவியது.

ஒரு சின்ன விஷயம். எஸ்க்யூஎல் சர்வர் 2012 முதல், சர்வர் எதிர்பாராமல் நின்று எழுந்தால் தானாக ஏறும் சீட்டு எண் ஆயிரம் தாண்டிக் குதிக்கலாம். 2008 ஆர்2-ல் இந்தப் பழக்கம் இல்லை. தணிக்கையில் ‘விடுபட்ட சீட்டுகள் எங்கே’ என்ற கேள்வி வரும். 2017 முதல் இதற்குக் காரணமான, எண்களை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் ஐடென்டிட்டி கேஷை டேட்டாபேஸ் அளவிலேயே அணைத்துவைக்கலாம். அணைத்துவிடுங்கள்.

அணைக்கும் வேலை

மாறியதும் பழையதை நிறுத்தவேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், யாரும் செய்யமாட்டார்கள். ‘ஒரு மாதம் இருக்கட்டுமே’ என்பது ஒரு வருடமாகும். அவ்வளவு நாளும் ஆதரவு நின்ற விண்டோஸ் நெட்வொர்க்கில் திறந்து கிடக்கும், இரண்டு பக்கமும் பணம் போகும். ஷீட்டில் மிக நீளமாக நிற்கும் வரிகள் ‘மாறியது’ வரிகள்தான்.

முறை இப்படி. மாறிய மறுநாள் பழைய சர்வரின் நெட்வொர்க் கேபிளை உருவிவிடுவது, மின்சாரம் மட்டும் ஓடட்டும். யாராவது கத்தினால் விட்டுப்போன ஓர் இணைப்பு கிடைத்தது. கொள்முதலில் அப்படித்தான், கும்பகோணக் கிடங்கில் சாக்கு இருப்புப் பதிவு ஒன்று பழைய அறிக்கை சர்வரின் பகிர்வு ஃபோல்டரிலிருந்து படிக்கிறது என்பது நான்காம் நாள் வெளிவந்தது. ஒரு மாதக் கடைசியும் ஒரு ஜிஎஸ்டி தாக்கலும் கடந்தால் மின்சாரத்தைக் கழற்றலாம். அதற்கு முன் கடைசி பேக்கப், அதை ஒருமுறை ரீஸ்டோர் செய்து திறந்து பார்த்த சான்று. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். சிஸ்டம் லாக்குகளை 180 நாள் வைக்கச் சொல்கிறது இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு. அது பழைய சர்வரின் லாக்குக்கும் பொருந்தும், டிஸ்க்கோடு குப்பையில் போட்டுவிடக்கூடாது. பெயர்கள் பாமினியில் இருப்பதால் பேக்கப்போடு எழுத்துருக் கோப்பையும் சேர்த்தே வைக்கவேண்டும். ஐந்து வருடம் கழித்துத் திறப்பவருக்கு அது எங்கே கிடைக்கும் என்று யார் கண்டார்?

ஜூன் முதல் வாரக் கடைசியில் ஷீட் சொன்னது: 11-ல் 9 மாறியது, மின்சாரம் குடிக்கும் பழைய சர்வர் 12. மாறாத இரண்டில் ஒன்று ஊதியம், வெண்டரிடமிருந்து புது லைசென்ஸ் வரவில்லை. மற்றது எஸ்எம்எஸ்: அனுப்பும் சேவை நிறுவனத்தின் ஐபி அனுமதி 21 நாளாகச் சிவப்பு. அதுவரை மன்னார்குடி டவரே விபிஎன் வழியாகக் கிளவுடிலிருந்து செய்தியை எடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஷீட்டில் அதற்கு எதிரே ‘நகலில்’ என்று எழுத ஒரு முயற்சி நடந்தது. சான்று இல்லாததால் ‘முடிவானது’ என்றே நிற்கிறது. இரண்டும் அடுத்த ஏப்ரலுக்குத் தள்ளப்படவில்லை, எடைமேடையைத் தொடாதவை என்பதால் ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஜெனரேட்டர் ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு மட்டும் புதுப்பிக்கப்பட்டது.